எம்.எல்.ஏ. தேர்தலில் பெண் உரிமையைப் பார்த்து ஓட்டுப் போடுவது எப்படி?

கேட்டிருப்பவர் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். கேள்வியின் சாரம் இது: "சட்டமன்றத் தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியும் பெண்களுக்கு மாதப் பணம் தருகிறேன் என்கிறது. வரதட்சணை, குடும்ப வன்முறை, சொத்து எல்லாம் டெல்லிச் சட்டம் என்கிறார்கள். அப்படியானால் எம்.எல்.ஏ. தேர்தலில் பெண் உரிமை என்று எதைப் பார்த்து ஓட்டுப் போடுவது? குழுவில் இருப்பவர்களுக்கு நான் என்ன சொல்வது?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மாநில அரசின் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது ஒன்று. பிரச்சாரம் நடக்கும் சில வாரங்களுக்குள் வக்கீலோ பத்திரிகைக்காரரோ அல்லாத ஒருவர் எதையெல்லாம் சரிபார்க்க முடியும் என்பது இன்னொன்று. எந்தக் கட்சிக்குப் போடலாம் என்று நான் சொல்லப் போவதில்லை. எந்தக் கேள்வியைக் கேட்டால் வேட்பாளர் நழுவ முடியாது என்பதைச் சொல்கிறேன்.

"எல்லாம் டெல்லிச் சட்டம்" என்பது பாதிதான் சரி. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணைப்படி போலீஸ், அரசு மருத்துவமனை, உள்ளாட்சி, மது ஆகியவை மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. குற்றவியல் சட்டம், திருமணம், விவாகரத்து, வாரிசுரிமை, தொழிலாளர் நலன், மகப்பேறு சலுகை, கல்வி ஆகியவை பொதுப் பட்டியலில் இருக்கின்றன. பொதுப் பட்டியலில் உள்ள விஷயங்களில் சட்டமன்றமும் சட்டம் இயற்றலாம். அது மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டாலும், 254(2) பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்துவிட்டால் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே நிற்கும்.

தமிழ்நாடு இதைப் பலமுறை செய்துகாட்டியிருக்கிறது. தேவதாசி முறையைத் தடுத்த 1947-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணச் சட்டமன்றம் இயற்றியது. புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது 1967-ல் நிறைவேறிய மாநிலத் திருத்தம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பிறப்புரிமை 1989 மார்ச் 25 முதல் இங்கே நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றம் அதே உரிமையை நாடு முழுவதற்கும் தந்தது 2005 செப்டம்பர் 9-ல்தான். ஆனால் 1989 சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அதில் பங்கில்லை. ஒரே வீட்டில் தங்கைக்குப் பங்கு உண்டு, அக்காவுக்கு இல்லை என்ற நிலை 2005 வரை நீடித்தது. ஆகவே ஒரு கட்சி "பெண்களுக்காகச் சட்டம் கொண்டுவருவோம்" என்றால், அது எந்தத் தேதியிலிருந்து, யாருக்குப் பொருந்தும், யாரை விட்டுவிடும் என்று கேட்பது அவசியம். அண்மைக்கால உதாரணம் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட உட்காரும் உரிமை. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்ற பெண்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று சட்டமாக்கியது சட்டமன்றம்தான்.

இருந்தாலும் சட்டம் இயற்றுவதைவிட மாநில அரசின் பெரிய அதிகாரம் வேறு இடத்தில் இருக்கிறது. பெண்களுக்கான மத்தியச் சட்டங்களில் பெரும்பாலானவற்றைக் களத்தில் நடத்த வேண்டிய அலுவலரை நியமிப்பதும், சம்பளமும் வண்டியும் அலுவலக அறையும் கொடுப்பதும் மாநில அரசு. குழுவினரிடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல முடியும் என்றால் நான் இதைச் சொல்லச் சொல்வேன்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தையே பாருங்கள். அதன் 8-ஆவது பிரிவு, ஒவ்வொரு மாவட்டத்திலும் தேவையான எண்ணிக்கையில் பாதுகாப்பு அலுவலர்களை மாநில அரசு நியமிக்க வேண்டும் என்கிறது. "தேவையான எண்ணிக்கை" எது என்று முடிவு செய்வது மாநில அரசே. பாதிக்கப்பட்ட பெண்ணிடம் விவரம் கேட்டுக் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதுவது, மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட உதவுவது, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது, தங்கும் இடம் ஏற்பாடு செய்வது எல்லாம் இவர் வேலை. மனு வந்தால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும், முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடைமுறையில் இது மாதக்கணக்கில் இழுப்பதற்கு நீதிமன்றம் மட்டும் காரணமில்லை. எதிர்த் தரப்புக்கு நோட்டீஸைப் பாதுகாப்பு அலுவலர்தான் இரண்டு நாளுக்குள் சேர்ப்பிக்க வேண்டும். ஒரு மாவட்டம் முழுவதையும் ஒருவர் பார்த்தால், பேருந்தில் போய்க் கதவைத் தட்டும்போது ஆள் இல்லையென்றால், நோட்டீஸ் திரும்பி வரும்; வழக்குக்கு வாய்தா விழும். அந்த வாய்தாவுக்குள் பெண் அதே வீட்டில்தான் இருக்க வேண்டியிருக்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மாவட்ட அளவில் மட்டுமின்றி வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை அடையாளம் கண்டு நியமிக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆகவே வேட்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி தயார்: நம் வட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் யார், அவர் முழுநேர அலுவலரா, வேறு பதவியின் கூடுதல் பொறுப்பாக இதைப் பார்க்கிறாரா? (பாதுகாப்பு அலுவலர் இல்லாமலும் பெண் நேரடியாக மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம், இதையும் குழுவில் சொல்லிவையுங்கள்.)

வேலையிடத்துப் பாலியல் தொல்லைச் சட்டத்திலும் இதே கதைதான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் முதலாளி உள் குழு அமைக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான ஆட்கள் உள்ள தையல் கூடம், கடை, செங்கல் சூளை, வீட்டு வேலை, அல்லது புகாரே முதலாளி மேல் என்றால், மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம்தான் போக முடியும். அந்தக் குழுவை அமைப்பது மாநில அரசு அறிவிக்கும் மாவட்ட அலுவலர். குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. சமூகப் பணியில் உள்ள ஒரு பெண் தலைவராகவும், தொண்டு நிறுவனங்களிலிருந்து இருவர் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டத்திலும் புகாரை வாங்கி ஏழு நாளுக்குள் அனுப்பிவைக்க ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். இங்கேதான் சிக்கல். குழு கலைந்து புதுக் குழு அமைக்காமல் கிடந்தால் அந்த மூன்று மாதம் சத்தமில்லாமல் ஓடிவிடும். உங்கள் குழுவில் எத்தனை பேர் பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு இந்த உள்ளூர்க் குழுதான் முழுச் சட்டமும்.

அடுத்தது போலீஸ். இது முழுக்க மாநிலம். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியது. இன்று மாநிலம் முழுக்க இருக்கின்றன. அவை பல பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டன என்பது உண்மை. புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி அனுப்பும் பழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது என்பதும் உண்மை. கணவன் மனைவித் தகராறில் வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அது காலவரம்பு உள்ள விசாரணை. அடித்தவனோடு சமாதானமாகப் போ என்று சொல்லி அனுப்புவதற்கு அது உரிமம் ஆகாது. பாலியல் வன்கொடுமை வழக்கில் புலன்விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்றலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது.

போலீஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "எங்கள் ஆட்சியில் பெண்களுக்கு எதிரான குற்றம் குறைந்தது" என்று ஒரு கட்சியும், "இவர்கள் ஆட்சியில் கூடியது" என்று இன்னொரு கட்சியும் புள்ளிவிவரத்தோடு வரும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தருவது பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. பெண்கள் துணிந்து புகார் கொடுத்தாலும் அது ஏறும், நிலையத்தில் புகாரை வாங்காமல் விட்டாலும் அது இறங்கும். ஆகவே அந்த ஒற்றை எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அதே அறிக்கையில் இருக்கும் வேறு எண்கள் கொஞ்சம் நம்பகமானவை: எத்தனை வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலானது, எத்தனை வழக்கு விசாரணையில் தேங்கிக் கிடக்கிறது, முடிந்த வழக்கில் எத்தனையில் தண்டனை கிடைத்தது. இவற்றில்கூட நீதிமன்றத்தின் தாமதம் கலந்திருக்கும். எல்லாப் பழியையும் ஆட்சியின் மேல் போட முடியாது.

மதுவைப் பற்றிக் கேள்வியில் இல்லை, ஆனால் எந்த மகளிர் குழுவிலும் இது வராமல் இருக்காது. டாஸ்மாக் முழுக்க மாநிலத்தின் முடிவு. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசே நடத்துகிறது. இதில் யாரும் டெல்லியைக் கைகாட்ட முடியாது. ஒரு கடையை எங்கே வைப்பது, எத்தனை மணிக்குத் திறப்பது என்பதெல்லாம் அரசாணையால் ஒரே நாளில் மாறக் கூடியவை. ஆனால் கடையை மூடினால் வீட்டில் அடி குறையுமா என்பது அவ்வளவு உறுதியாகச் சொல்லக் கூடியதல்ல. பீகாரில் 2016 முதல் முழு மதுவிலக்கு இருக்கிறது; அதன் பலன் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை, கள்ளச்சாராயச் சாவுகளும் அங்கே நின்றபாடில்லை. கடைகள் திறந்திருந்த தமிழ்நாட்டிலேயே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். எனவே "மதுவிலக்கு கொண்டுவருவேன்" என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பவரைவிட, எந்தக் கடையை எப்போது மூடுவது, குடிநோய் சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையில் எத்தனை படுக்கை என்று பேசுபவரின் பேச்சுக்கு எடை அதிகம்.

இப்போது மாதப் பணம். அதை இலவசம் என்று இளக்காரமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. கையில் தன் பெயருக்கு வரும் ஆயிரம் ரூபாய் ஒரு பெண்ணுக்கு வீட்டில் என்ன பேச்சுரிமையைத் தருகிறது என்பது உங்கள் குழுவுக்குத் தெரியும். ஆனால் வாக்குறுதியைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. 2021 தேர்தலில் தி.மு.க. குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது, அ.தி.மு.க. 1,500 ரூபாய் என்றது. வென்ற கட்சியின் ஆட்சியில் பணம் வரத் தொடங்கியது 2023 செப்டம்பர் 15-ல், சுமார் 1.06 கோடிப் பேருக்கு. வயது 21 நிறைந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நஞ்சை 5 ஏக்கருக்குள் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்ற நிபந்தனைகள் திட்டத்தோடு வந்தவை. நிபந்தனை வைப்பது தவறு என்று சொல்ல வரவில்லை. எந்தக் கட்சி எந்தத் தொகையைச் சொன்னாலும் யாருக்கு, எந்த மாதத்திலிருந்து, எந்த நிபந்தனையில், எந்த வருவாயிலிருந்து என்ற நான்கையும் தேர்தலுக்கு முன்பே கேட்க வேண்டும். தேர்தல் அறிக்கையில் வாக்குறுதிக்கான காரணமும் நிதி திரட்டும் வழியும் தெரிய வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து தேர்தல் ஆணையம் சொன்ன நெறிமுறை. அந்தத் தீர்ப்பே தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் வந்ததுதான்.

இலவசப் பேருந்துப் பயணமும் அப்படியே. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் ஊருக்கு அந்த வண்டி நாளுக்கு எத்தனை நடை வருகிறது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு. காலை ஏழரைக்கு ஒரு நடை, மாலை ஆறரைக்கு ஒரு நடை என்றால், மில்லில் ஷிப்ட் வேலை செய்பவருக்கு அது உதவாது. தொகுதி வேட்பாளரிடம் நேராகப் பேசக் கூடிய விஷயம் இது. கூடுதல் நடை கேட்பது எம்.எல்.ஏ.வின் அன்றாட வேலைகளில் ஒன்று.

இங்கே கட்சிக்கும் ஆளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். சட்டமன்றத்தில் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி பதவி போகலாம். ஆகவே சட்டம், பட்ஜெட், புதிய பதவிகள் ஆகியவற்றில் ஒரு தனி எம்.எல்.ஏ. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கட்சி எடுக்கும் முடிவோடுதான் போவார். அவற்றுக்குக் கட்சியின் தேர்தல் அறிக்கையையும், அது முன்பு ஆட்சியில் இருந்தபோது செய்ததையும் பாருங்கள். தொகுதிக்குள் நடப்பவற்றுக்கு ஆளைப் பாருங்கள். எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. அங்கன்வாடிக் கட்டடம், பள்ளிக் கழிப்பறை, பேருந்து நிறுத்தத்திலிருந்து ஊருக்குள் வரும் வழியில் விளக்கு ஆகியவை இதில் அடங்கக் கூடியவை. ஏற்கெனவே எம்.எல்.ஏ.வாக இருந்தவர் மீண்டும் நின்றால் அந்த நிதி எங்கே போனது என்று கேட்கலாம். பதில் பட்டியலாக வர வேண்டும்.

பெண் வேட்பாளருக்குத்தான் போட வேண்டுமா என்று உங்கள் குழுவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். 2021-ல் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் வென்ற பெண்கள் 12 பேர். அப்போது வாக்காளர் பட்டியலில் பெண்கள் சுமார் 3.18 கோடி, ஆண்கள் சுமார் 3.08 கோடி. இந்த இடைவெளி வெட்கத்துக்குரியது. அதற்கு முதல் காரணம் கட்சிகள் டிக்கெட் தராததுதான். சட்டமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் 106-ஆவது திருத்தம் 2023-ல் நிறைவேறியது. ஆனால் அதன் பிறகு எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அது செயலுக்கு வரும் என்று அந்தத் திருத்தமே சொல்கிறது. எந்தக் கட்சியும் அதுவரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தங்கள் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு பெண்களை நிறுத்த எந்தச் சட்டமும் தடையாக இல்லை. ஒவ்வொரு கட்சியும் எத்தனை பெண்களை, அதுவும் வெல்லக் கூடிய தொகுதிகளில், நிறுத்தியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஆனால் பெண் வென்றால் பெண்களுக்கு நன்மை என்பது தானாக நடந்துவிடுமா? ஊராட்சித் தலைவர் பதவி இடஒதுக்கீட்டைப் பற்றி மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் நடத்தி 2004-ல் வெளியான ஆய்வு, பெண் தலைவர்கள் உள்ள ஊர்களில் குடிநீருக்கு அதிக முதலீடு போனதைக் காட்டியது. அது ஊராட்சி. தலைவரின் கையெழுத்திலேயே வேலை நடக்கும் இடம். கொறடாவுக்குக் கட்டுப்பட்ட சட்டமன்றத்துக்கு அதை அப்படியே பொருத்துவது சரியாகாது. இருவர் சமமாக இருந்தால் பெண்ணுக்குப் போடலாம் என்பது என் கருத்து. பெண் என்ற ஒன்றை மட்டும் பார்த்துப் போடச் சொல்ல மாட்டேன்.

வேட்பாளரைச் சரிபார்க்க இருக்கும் மிக நல்ல கருவி படிவம் 26 பிரமாணப் பத்திரம். வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் சத்தியம் செய்து தர வேண்டியது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் வேட்பாளரை அறியும் செயலியிலும் அதன் நகலைப் பார்க்கலாம். தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுவார்கள். மனு வாபஸ் முடிந்து ஓட்டுப்பதிவுக்குக் குறைந்தது 14 நாள் இடைவெளி சட்டப்படி இருக்கும். படிப்பதற்கு அது போதும். நிலுவையில் உள்ள வழக்குகள், தண்டனை பெற்ற வழக்குகள், தனக்கும் துணைக்கும் உள்ள சொத்து, கடன், ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கு, தொழில், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். வழக்குப் பட்டியலில் பிரிவு எண்களைப் பாருங்கள். 2024 ஜூலை 1-க்கு முந்தைய சம்பவம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்ட எண்கள் வரும்: 354-ம் அதன் ஏ, பி, சி, டி பிரிவுகளும் மானபங்கம், பாலியல் தொல்லை, பின்தொடர்தல் போன்றவை, 376 பாலியல் வன்கொடுமை, 498ஏ கணவர் வீட்டுக் கொடுமை, 304பி வரதட்சணைச் சாவு, 509 பெண்ணை இழிவுபடுத்தும் சொல்லும் சைகையும். அதற்குப் பிந்தையது என்றால் அதே குற்றங்களுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் எண்கள்: 74 முதல் 79 வரை, 64, 85, 80. இந்த எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு பத்திரத்தைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

இதில் அவசரப்படக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. நிலுவையில் உள்ள வழக்கு குற்றம் நிரூபணமானதாக ஆகாது. மறியல், ஆர்ப்பாட்டம் செய்தவர்கள் மேல் 143, 188, 341 என்று வரிசையாக வழக்கு இருக்கும். டாஸ்மாக் கடை முன் உட்கார்ந்த பெண்கள் மேலும் அதே பிரிவுகள்தான். ஆகவே வழக்குகளின் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடாதீர்கள். என்ன பிரிவு, நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்துவிட்டதா (எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று முறைப்படி எழுதிவிட்டதா), எந்த ஆண்டு வழக்கு என்பவற்றைப் பாருங்கள். பெண்களுக்கு எதிரான பிரிவில் குற்றச்சாட்டு வனைந்த பிறகும் ஒருவருக்குக் கட்சி டிக்கெட் தந்திருந்தால், ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தோம், வழக்கில்லாத வேறு ஆளை ஏன் நிறுத்தவில்லை என்பதைக் கட்சி எழுத்தில் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் உத்தரவிட்டிருக்கிறது. வேட்பாளரும் தன் வழக்குகளைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும். கட்சியின் விளக்கம் பெரும்பாலும் "வெல்லக் கூடியவர், மக்கள் சேவகர்" என்ற அளவில் இருக்கும். வெல்லும் வாய்ப்பு மட்டுமே காரணமாகக் கூடாது என்று அதே உத்தரவு சொல்கிறது. பத்திரத்தில் வராதவையும் உண்டு. வீட்டுக்குள் நடந்தது, நிலையத்தில் பேசி முடித்தது, புகாரே ஆகாதது எதுவும் அந்தத் தாளில் இருக்காது. வழக்கு இல்லாத பத்திரத்தை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது.

குழு சேர்ந்து வேட்பாளர்களின் பதில்களை ஒப்பிட்டு ஒரு தாள் அச்சடிக்க நினைத்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஒரு வேட்பாளருக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ எடுத்துக்கொள்ளக் கூடிய எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவரின் பெயர், முகவரி இரண்டும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் தன்னை அறிந்த இரண்டு பேரின் சான்றொப்பத்தோடு உறுதிமொழியை இரு பிரதியாக அச்சகத்தில் கொடுக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. எல்லா வேட்பாளரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, சொன்ன பதிலைச் சொன்னபடி போட்டு, பதில் தராதவருக்கு "பதில் தரவில்லை" என்று மட்டும் எழுதுங்கள். மதிப்பெண் போடாதீர்கள். குழுவின் சேமிப்புப் பணத்தை இதற்கு எடுக்காதீர்கள். தணிக்கையில் மாட்டும், குழுவும் உடையும். ஊக்குநர் என்ற முறையில் கூட்டத்துக்கு ஆள் கூட்டி வரச் சொல்லி உங்களுக்கு நெருக்கடி வரலாம். வங்கிக் கடனுக்கும் கூட்டத்துக்குப் போவதற்கும் சட்டத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. வராவிட்டால் கடன் நிற்கும், உதவித்தொகை நிற்கும் என்று மிரட்டுவது ஓட்டுரிமையில் தலையிடும் குற்றம். ஆதாரத்தோடு தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் புகார்ச் செயலியில் அனுப்பலாம், 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணிலும் சொல்லலாம்.

இவ்வளவும் செய்து, வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாமல் போனால் எல்லாம் வீண். கல்யாணமாகி ஊர் மாறிய பெண்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்பு தீவிரத் திருத்தத்தில் இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ இருந்த விவரத்தைக் கேட்டார்கள். அதற்குப் புகுந்த ஊரில் இருக்கும் பெண்கள் பிறந்த ஊரின் பட்டியலைத் தேட வேண்டியிருந்தது. பழைய ஊரில் பெயர் இருந்தால் புதிய ஊரில் படிவம் 6 போடாதீர்கள். இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டப்படி தவறு, சரிபார்ப்பில் இரண்டும் போய்விடக் கூடும். இடமாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. முதன்முறை சேர்பவர்களுக்கே படிவம் 6. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதிலாவது 18 வயது நிறைந்தால் போதும். உறவினர் பெயர் என்ற இடத்தில் தந்தை, தாய், கணவர் என யார் பெயரும் இருக்கலாம். கல்யாணமானதற்காகத் தந்தை பெயரை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

வாக்குச்சாவடிக்குள் துணை ஆள் வர அனுமதி இருப்பது பார்வை இல்லாதவருக்கும் உடல் இயலாமையால் தானே பொத்தானை அழுத்த முடியாதவருக்கும் மட்டும். எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்காகக் கணவரோ மகனோ கூட வர முடியாது. சின்னமும் வேட்பாளரின் படமும் இயந்திரத்தில் இருக்கின்றன. யாருக்குப் போட்டார் என்பது குடும்பத்துக்கோ கட்சிக்காரருக்கோ தெரிய வழியே இல்லை. ஒப்புகைச் சீட்டு ஏழு விநாடி கண்ணாடிக்குள் தெரிந்து உள்ளே விழுந்துவிடும், வெளியே வராது. இதை ஒவ்வொரு கூட்டத்திலும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தன் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் அப்படியே வந்துவிடாமல், அடையாளத்தைக் காட்டி வாக்குச்சீட்டில் தனியாகப் பதிவு செய்யும் உரிமையைக் கேட்க வேண்டும். அந்தச் சீட்டு சாதாரண எண்ணிக்கையில் சேராது என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

தேர்தல் முடிந்த பிறகு முதல் பட்ஜெட் கூட்டத்தொடரில் ஒவ்வொரு துறைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியாகும். சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையின் குறிப்பு தமிழிலேயே கிடைக்கும். பட்ஜெட் புத்தகத்தில் ஒரு திட்டத்துக்கு எதிரே இரண்டு ஆண்டுக்கு முந்தைய உண்மைச் செலவு, நடப்பாண்டுத் திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு என்று எண்கள் இருக்கும். அறிவிப்பில் வருவது கடைசி எண், நடந்ததைச் சொல்வது முதல் எண். அதோடு பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்ட சமூக நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள்: மாவட்டத்தில் எத்தனை பாதுகாப்பு அலுவலர்கள், கடந்த ஆண்டு எத்தனை குடும்ப நிகழ்வு அறிக்கைகள் எழுதப்பட்டன, உள்ளூர்க் குழு எந்தத் தேதியில் அமைக்கப்பட்டது, அதற்கு எத்தனை புகார்கள் வந்தன. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அந்தப் பதிலின் நகலோடு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போங்கள்.